சொல் ஒன்று, பொருள் வேறு

ஒரு மொழியின் சொற்களைக் கற்றுவிட்டால் அம்மொழி கைவந்துவிட்டதென எண்ணுதல் தவறாகும். 'அவனுக்குக் கை நீளம்' என்று நாம் கூறும்போது அளவுகோலை எவரும் எடுப்பதில்லை. திருடுபவன் என்று அறிந்துகொள்கிறோம். மலாய்க்காரரும் 'பாஞ்சாங் தாங்ஙான்' என்றே கூறுவர். ஆங்கிலேயரோ, 'லைட் ஃபிங்கர்ட்', அதாவது இலேசான விரலுடையவன் என்பர். இவ்வாறு முழுத்தொடராக நின்று வேறு பொருள் தருவனவே மரபுத்தொடர்கள்.

பேச்சில் இவற்றை அறியாவிடில் நகைப்பு நேரும், அவ்வளவே. ஆபீசுக் கடிதத்தில் அறியாவிடில் பிழைப்பே கெடக்கூடும். ஆகவே, சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் நம் வாசகர்கள் மூன்று தொடர்களையேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, 'ஷோ காஸ்'. 'காரணம் காட்டு' என்பது சொற்பொருள். நிர்வாகம் ஏதோ காரணம் காட்டுகிறது போலும் எனக் கருதிக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிடலாகாது. 'உம்மீது குற்றச்சாட்டு உள்ளது. நடவடிக்கை எடுக்கக் கூடாதெனில் குறித்த நாளுக்குள் விளக்கம் தருக' என்பதே அதன் உட்பொருள். மலாயில் இதனை அப்படியே பெயர்த்துச் 'சூராட் துஞ்ஜோக் செபாப்' என்கின்றனர். ஒழுங்கீனம் என்று கூறி வேலைநீக்கம் செய்யுமுன் முறையான விசாரணை வேண்டுமென 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விதிக்கிறது.

இரண்டாவது, 'லெய்ட் ஆஃப்'. 'லே' என்றால் கிடத்துதல். ஆயினும், இஃது ஓய்வளிப்பதன்று. வேலையும் கூலியும் கொடாது நிறுத்திவைப்பதாகும். குறைந்தது 12 மாதம் பணிபுரிந்தவருக்கு இதற்கென இழப்பீட்டுத் தொகை உண்டென 1980-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கணக்கு.

மூன்றாவது, 'ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மெண்ட்'. 'செட்டில்மெண்ட்' என்பதற்குக் குடியிருப்பு என்றும் பொருளுண்டு. இங்கு அப்பொருள் பொருந்தாது. 'பெறவேண்டியதெல்லாம் பெற்றேன், இனிக் கேட்க ஒன்றுமில்லை' என்பதே கருத்து. தொகையைச் சரிபார்க்குமுன் இதன்கீழ்க் கையொப்பமிடுதல் தகாது.

இனிச் செய்யவேண்டியது என்ன? புதிய தொடர் கண்டால் தனிச்சொற்களைப் பிரிக்காது, முழுத்தொடரையும் ஏட்டில் எழுதி, அருகே தமிழ்ப்பொருளைக் குறித்துவைப்போம். ஐயம் எழுந்தால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தாரையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்போம். கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுப்போம்.