தெரியாத விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெருநாள் நெருங்கும்போது புடவைக் கடைக்காரர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "20 வீதம் விலைக்கழிவு கொடுக்க வேண்டும், 25 வீத இலாபமும் நிற்க வேண்டும். என்ன விலை குறிப்பது?" பலர் செய்வது, இரண்டையும் கூட்டிக் கொள்விலையோடு 45 வீதத்தைச் சேர்ப்பதுதான். அதிலுள்ள இழப்பு கடையில் கூட்டம் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொள்விலை 1,200 ரூபாவான ஒரு சாரத்தை எடுப்போம். 45 வீதம் சேர்த்தால் 1,740. அதில் 20 வீதக் கழிவு 348 ரூபா. கைக்கு வருவது 1,392. இலாபம் 192 ரூபா, அதாவது 16 வீதம் மட்டுமே. 25 வீதமென்றால் 300 ரூபா வந்திருக்க வேண்டும். ஒரு சாரத்துக்கு 108 ரூபா குறைகிறது. நூறு சாரம் விற்றால் 10,800 ரூபா. இலாபத்தை நாம் கொள்விலையில் பார்க்கிறோம், கழிவோ குறித்த விலையில் போகிறது. வேறு வேறு தொகைகளின் வீதங்களைக் கூட்ட முடியாது.

பாடசாலையில் வெறுப்போடு படித்த அட்சரகணிதம் இங்கேதான் கைகொடுக்கும். குறிக்க வேண்டிய விலையை 'வி' என்போம். கழிவு போக 1,500 ரூபா நிற்க வேண்டும்.

வி − (20வி ÷ 100) = 1,500
80வி = 150,000
வி = 1,875

இரண்டாவது வரியில் இரு பக்கத்தையும் 100ஆல் பெருக்கினோம். மூன்றாவதில் இரு பக்கத்தையும் 80ஆல் வகுத்தோம். தராசின் ஒரு தட்டில் செய்ததை மற்றத் தட்டிலும் செய்வது, அவ்வளவுதான். விடையைச் சரிபாருங்கள்: 1,875இல் 20 வீதம் 375, மிகுதி 1,500.

இது நம்மவருக்கு அந்நியமான கலையுமல்ல. கலீபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கணிதத்தின் பெயராயிற்று. வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம் என்று மக்களுக்குத் தேவையானவற்றுக்காக எழுதுவதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். எழுத்துக் குறியீடுகள் அவரிடம் இல்லை, எல்லாம் சொற்களே. தெரியாத தொகையை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்றார். கழிந்து நிற்பதை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். இரு பக்கத்திலும் உள்ள ஒரே இனத்தை எதிரெதிரே நீக்குவது முகாபலா.

முகாபலாவுக்கு ஒரு கடைக் கணக்கு. சரக்கு ஏற்ற வெளி லொறி பிடித்தால் நடைக்கு 7,000 ரூபா. மாத வாடகைக்கு லொறி எடுத்தால் சாரதி சம்பளத்தோடு 120,000 ரூபா, நடைக்கு எரிபொருள் 2,000 ரூபா. எத்தனை நடைக்கு மேல் மாத வாடகை இலாபம்? நடைகளை 'ந' என்போம்.

7,000ந = 120,000 + 2,000ந
5,000ந = 120,000
ந = 24

மாதம் 24 நடையில் இரண்டும் சமம். உங்களுக்கு 15 நடைதானென்றால் வெளி லொறியே போதும்.

கடைசியாக வற் வரி. 2024 ஜனவரியில் அது 18 வீதமாக்கப்பட்டது. அந்த வீதத்தில் வரியோடு சேர்ந்த பில் 59,000 ரூபா என்றால், வரி எவ்வளவு? 59,000இல் 18 வீதம் பார்த்து 10,620 என்று சொல்லிவிடாதீர்கள். பொருளின் விலையை 'வி' என்றால் 118வி = 5,900,000. விலை 50,000, வரி 9,000 ரூபா.