பெரோவ்ஸ்கைட் விளக்கும் பாட்டியின் கேள்வியும்

(மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் பெரோவ்ஸ்கைட் ஒளி உமிழ் டையோடுகள் பற்றிப் பேசினேன். பேராசிரியர்கள் பாராட்டினார்கள். அன்று மாலை குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே செய்தியைப் பாட்டியிடம் பெருமையோடு விளக்கினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்ட பாட்டி, "எல்லாம் சரிடி, இது உடைஞ்சா என்னா ஆவும்?" என்றார். முன்பொரு முறை வீட்டில் டியூப்லைட் உடைந்தபோது, உள்ளே பாதரசம் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுச் சிறுவர்களாகிய எங்களைக் கிட்டவே விடாதவர் அவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

பெரோவ்ஸ்கைட் என்பது யாது?

1839-இல் ரஷ்ய நாட்டின் யூரல் மலைப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ரோசே ஆராய்ந்தார். அதற்குப் பெரோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பிரபுவின் பெயரைச் சூட்டினார். அது கால்சியம் டைட்டனேட். இன்று அப்பெயர் ஒரே கனிமத்தைக் குறிப்பதன்று. அதே படிக அமைப்பைக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தையே குறிக்கிறது. விளக்குக்குப் பயன்படும் வகையில் ஈய அயனியைச் சுற்றி ஆறு ஹாலைடு அயனிகள் எண்முகி வடிவில் நிற்கும். எண்முகிகளின் இடைவெளிகளில் சீசியம் போன்ற பெரிய அயனி அமர்ந்திருக்கும்.

ஒளி உமிழ் டையோடில் ஒரு புறமிருந்து எலெக்ட்ரானும் மறுபுறமிருந்து துளையும் வந்து சேர்கின்றன. சேரும்போது விடுபடும் ஆற்றல் ஒளியாகிறது. ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது பொருளின் ஆற்றல் இடைவெளி. 1240 என்னும் எண்ணை எலெக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இடைவெளியால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். சீசியம் ஈய புரோமைடின் ஒளிக்கு இம்மதிப்பு சுமார் 2.4 ஆகும். வகுத்துப் பாருங்கள், 517 வரும். அது தூய பச்சை. புரோமைடுக்குப் பதிலாக அயோடைடைச் சேர்த்தால் ஒளி சிவப்பை நோக்கி நகரும். குளோரைடைச் சேர்த்தால் நீலத்தை நோக்கி நகரும். ஹாலைடை மாற்றியே நிறத்தை மாற்றலாம் என்பது இதன் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, செய்முறையின் எளிமை. நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடை ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தில், நீலக்கல் தகட்டின் மேல் வளர்க்க வேண்டும். அவ்வருஞ்செயலுக்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரோவ்ஸ்கைட்டையோ கரைசலாகவே சுழலும் தகட்டின் மேல் சொட்டி, சுமார் 100 டிகிரியில் உலர்த்தினால் படலம் உருவாகிவிடும். மேலும், படிகத்தில் சிறு குறைகள் இருந்தாலும் அவை ஒளியை எளிதில் விழுங்கி விடுவதில்லை.

வளர்ச்சி

நூறு எலெக்ட்ரான்களைச் செலுத்தினால் எத்தனை ஒளித்துகள்கள் வெளியே வருகின்றன என்பதே புறக் குவாண்டம் திறன். 2014-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்ட் குழுவினர் அறை வெப்பநிலையிலேயே இவ்விளக்கை ஒளிரச் செய்தனர். அன்று அகச்சிவப்பில் திறன் 0.76 சதவீதம், பச்சையில் 0.1 சதவீதமே. அவ்வாய்வில் பங்கு கொண்ட ஆதித்யா சதனாலா பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியப் பணி ஏற்றார். 2015-இல் சூரிக்கில் கோவலெங்கோ குழுவினர் சீசியம் ஈய ஹாலைடு நானோ படிகங்களை உருவாக்கினர். அதே ஆண்டில் புனேயில் அங்ஷுமான் நாக் குழுவினரும் இப்படிகங்களின் ஒளிர்வை ஆராய்ந்து வெளியிட்டனர். 2018-இல் திறன் 20 சதவீதத்தைத் தாண்டியது. 2022-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் பச்சையில் 28.9 சதவீதத்தை எட்டினர். எட்டே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ச்சி வியப்புக்குரியது.

எனினும் குறைகளும் உண்டு. மின்புலத்தில் ஹாலைடு அயனிகள் இடம் பெயர்வதால் விளக்கு விரைவில் மங்கும். நீலத்திற்காக இரு ஹாலைடுகளைக் கலந்தால் அவை பிரிந்து நிறம் மாறிவிடும். ஆகவே நீல விளக்கு பச்சைக்குப் பின்தங்கியே நிற்கிறது.

உடைந்தால்?

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள திரையை எடுத்துக்கொள்வோம். ஒளிரும் படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் எனில் அதன் கன அளவு 0.1 கன சென்டிமீட்டர். அடர்த்தி 4.8 எனக் கொண்டால் எடை 0.48 கிராம். சீசியம் ஈய புரோமைடில் ஈயத்தின் பங்கு எடையில் சுமார் 36 சதவீதம். ஆகவே ஈயம் ஏறக்குறைய 170 மில்லிகிராம். பல கிலோ ஈயத்தைச் சுமக்கும் கார் பேட்டரியோடு ஒப்பிட்டால் இது அற்பமே.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 170 மில்லிகிராம் முழுவதும் கரைந்தால் 17,000 லிட்டர் நீர் அவ்வரம்பைத் தொட்டுவிடும். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு! இப்படிகமோ நீர் பட்டால் சிதைவது. சிதைந்தபின் உண்டாகும் ஈய புரோமைடு நீரில் ஓரளவு கரையவும் கூடியது. எங்கள் ஊருக்கு அருகே இருப்பது சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. குப்பை மேட்டில் வீசப்படும் திரைகள் ஒன்றல்ல, ஆயிரம் என்றால்? பேராசிரியர்கள் கேளாத கேள்வியைப் பாட்டி கேட்டது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஈயத்திற்குப் பதிலாக வெள்ளீயத்தை வைத்துப் பார்க்கிறார்கள்; ஆனால் அது காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கண்ணாடி உறைக்குள், ஈயத்தைப் பற்றிக்கொள்ளும் படலம் ஒன்றைப் பூசும் முறை 2020-இல் சூரிய மின்கலங்களுக்காக வெளியிடப்பட்டது. உடைந்தாலும் ஈயத்தின் பெரும்பகுதி வெளியேறாது. நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகளும் ஒருபடித்தான பொருளில் ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டலாகாது என்கின்றன. எங்கோ அமர்ந்து செய்யும் ஆய்வுக்கும் எங்கள் ஊர்க் குப்பைமேட்டுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

வேதிப் பொறியியல் பயின்ற இளங்கோ ரங்கசாமி 1996 முதல் 2006 வரை எங்கள் ஊராட்சித் தலைவராக இருந்தார். கற்ற விஞ்ஞானம் ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. ஆகவே மாணவ நண்பர்களே, புதியதொரு பொருளைப் பற்றிப் படிக்கும்போது அதன் திறன் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேளாதீர்கள்; உடைந்தபின் அது எங்கே போகும் என்றும் கேளுங்கள்.

கணக்கைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்போ உடைஞ்சத வாங்கிக்கிறதுக்கும் ஒருத்தன் வேணும், இல்ல?" என்றார். ஆம். அவ்வேற்பாடு வந்த பிறகு அந்த விளக்கு எங்கள் திண்ணைக்கு வரட்டும்.