கலாசாலைப் பேஸ்பாலும் மாணவப் பார்வையாளரும்

அமெரிக்க நாட்டுக் கலாசாலைகளில் ஆடப்பெறும் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன உறவு என்று என் விடுதி நண்பர் ஒருவர் கேட்டும் விட்டார். யான் அவ்வாட்டத்தை நேரிற் கண்டவனல்லேன். நூல்களிற் படித்தும், பல ஆட்டங்களின் படக்காட்சிகளை முதலிலிருந்து முடிவுவரை பார்த்தும் அறிந்தவனே. அவற்றுள் ஆடுவோரைக் காட்டிலும், வகுப்பு முடிந்ததும் மைதானத்துப் படிகளில் வந்தமரும் மாணவரே என் கருத்தைப் பெரிதுங் கவர்ந்தனர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

உறவு அறவே இல்லையென்று சொல்வதற்குமில்லை. 1806-ஆம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து வில்லியம்ஸ் கலாசாலை மாணவர் ஐவர், இடிமழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகே ஜெபித்தனர். அதன் பயனாக 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் 1816-இல் யாழ்ப்பாணத்திற்கும் 1834-இல் மதுரைக்கும் வந்தனர். அவர்கள் வட்டுக்கோட்டையில் நிறுவிய கல்விச்சாலையிற் பயின்றவரே, 1887-இற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்து உதவிய சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். அந்த வில்லியம்ஸ் கலாசாலையே கலாசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதற் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு கட்சியாக நின்றது என்பதைப் படித்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. அது படுதோல்வி அடைந்தது என்பது வேறு செய்தி.

அவ்வாட்டம் 1859-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் நடைபெற்றது. எதிர்க்கட்சி அம்ஹர்ஸ்ட் கலாசாலை. 1821-இல் வில்லியம்ஸ் கலாசாலைத் தலைவரே மாணவர் சிலரை உடனழைத்துக்கொண்டு வெளியேறிச் சென்று சேர்ந்த இடம் அது. ஆகவே இரண்டிற்குமிடையே பழம் பகை உண்டு. அந்நாளைய விதிகள் இக்காலத்தனவல்ல. ஒரு பக்கத்திற்குப் பதின்மூவர் ஆடினர். பேஸ்களைக் குறிக்க மரமுளைகள் நடப்பெற்றன. ஓடுபவன்மேற் பந்தை எறிந்து தாக்கினாலும் அவன் ஆட்டமிழந்தான். அவ்வூர்ப் பெண்கள் பாடசாலை மாணவிகளும் திரளாக வந்து பார்த்தனர். முடிவில் அம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. மறுநாள் இரு கலாசாலையாரும் சதுரங்கம் ஆடினர். அதிலும் அம்ஹர்ஸ்டே வென்றது! உடல்வலியையும் அறிவுவலியையும் அடுத்தடுத்த நாட்களில் அளந்து பார்த்துவிட வேண்டுமென்று அக்காலத்து மாணவர் கருதினர் போலும்.

பார்வையாளர் கூட்டத்தினின்று எழுந்த ஒரு வதந்தியையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். அம்ஹர்ஸ்டின் பந்தெறிவோன் உண்மையில் மாணவனேயல்லன், இதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்பெற்ற கொல்லன் என்று பேச்சுப் பரவிற்று. மூன்றரை மணி நேரம் அப்படி எறியக் கொல்லனுக்கன்றி வேறெவனுக்குக் கை வரும் என்றார் அருகில் நின்ற ஒருவர். முதல் ஆட்டத்திலேயே முதற் புறங்கூறலும் பிறந்துவிட்டது. வேலிக்கு இப்பாலிருந்து பார்ப்பவன் தான் கண்டதைக் கொண்டு காணாததையும் தீர்மானித்துவிடுகிறான் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நிற்க. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வாட்டம் முதலில் வெறுமையாகவே தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றிற்று. பந்தெறிவோன் எறிகிறான், மட்டையாளன் சும்மா நிற்கிறான், அம்பயர் கை காட்டுகிறார், மறுபடியும் எறிகிறான். மூன்று ஸ்டிரைக்கானால் மட்டையாளன் ஆட்டமிழப்பான். மட்டையாளன் அடிக்க முயலாதிருக்க, உரிய எல்லைக்குப் புறம்பே நான்கு பந்துகள் வந்தால் முதற் பேஸுக்கு இனாமாக நடப்பான். மூவர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டம் முடிவதைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. பின்தங்கிய கட்சியும் கடைசி மட்டையாளன் ஆட்டமிழக்கும்வரை தோற்றதாகாது.

இரண்டு வேற்றுமைகளை நன்கு உணர்ந்த பின்னரே எனக்குச் சுவை பிறந்தது. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்து கூடாரம் புகுந்தவன் அந்த இன்னிங்ஸில் மீளான். பேஸ்பாலிலோ ஒன்பதின்மரும் முறைமாறி வந்துகொண்டேயிருப்பர். ஓராட்டத்தில் ஒருவனுக்கு நான்கு முறையாவது வாய்ப்புக் கிடைப்பது இயல்பு. பத்து முறைக்கு மூன்று முறை அடித்துப் பேஸை அடைபவன் நல்ல மட்டையாளன் எனப் புகழப்படுகிறான். எழுமுறை தோற்பவனைப் புகழும் ஆட்டம் வேறு யாதுளது? மற்றொன்று, ஓட்டம், அடி என்னுந் தொகைகளுக்குப் பக்கத்தில் பிழை என்பதற்கும் பலகையில் தனியிடம் உண்டு. எளிய பந்தை நழுவவிட்டவனுடைய குற்றம் ஊரறிய எழுதப்பெற்று ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிற்கும். நம் தேர்வுத் தாள்களுக்கு இம்முறை வாராதிருப்பதற்காக நாம் நன்றி செலுத்தலாம்.

சிரத்தையுள்ள பார்வையாளன் கையிற் கட்டமிட்ட ஒரு தாளும் பென்சிலும் இருக்கும். ஆட்டக்காரர் நிற்கும் இடங்களுக்கு ஒன்றுமுதல் ஒன்பதுவரை எண்கள் உண்டு: பந்தெறிவோன் 1, அவனுக்கு எதிரே மட்டையாளன் பின்னிருந்து பிடிப்போன் 2, முதற் பேஸ் காப்போன் 3, இவ்வாறே பிறரும். இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்போன் தரையிலுருளும் பந்தையெடுத்து இரண்டாம் பேஸ் காப்போனுக்கு எறிய, அவன் முதற் பேஸுக்கு எறிய, இருவர் ஒருங்கே ஆட்டமிழந்தனராயின் அதனை 6-4-3 என்று குறித்துவிடுகின்றனர். மூன்றே எண்கள்! தாளைப் பல்லாண்டு கழித்து எடுத்துப் பார்ப்பவனும் அந்த மாலைப்பொழுதை முழுதும் மீளக் காணலாம். இலக்கணச் சூத்திரங்களோடு மல்லாடும் என் போன்றார்க்கு இச்சுருக்கம் பெருவியப்பாகும். மேலும், தான் ஆட்டமிழப்பது உறுதியென்று அறிந்தே பந்தை மெல்லத் தட்டிவிட்டு, பேஸில் நிற்கும் தோழனை அடுத்த பேஸுக்கு நகர்த்துவானொருவனுடைய செயலை அவர்கள் தியாகம் என்றே பெயரிட்டு எழுதுகின்றனர். அது வெற்றியாயின் அவனது தோல்விக் கணக்கிற் சேர்வதில்லை.

கலாசாலை ஆட்டங்களின் காலம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. வடபுலத்தில் அப்போதும் பனி. ஆதலால் அங்குள்ள கலாசாலையார் முதற் சில வாரங்கள் தென்மாகாணங்களுக்குச் சென்றே ஆடுவர். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என மும்மூன்று ஆட்டங்கள். (ஞாயிற்றுக்கிழமையில் ஆடுவதில்லையென்று உறுதி பூண்ட பிரிகம் யங் கலாசாலைக்காகப் போட்டி நாட்களை மாற்றி அமைப்பதும் உண்டு.) 1974-இலிருந்து அலுமினிய மட்டை அனுமதிக்கப்பெற்றது; மரமட்டைகள் அடிக்கடி முறிந்து செலவு மிகுந்ததே காரணம். அதனாற் கலாசாலை ஆட்டத்தின் ஓசை தொழிலாட்டக்காரருடைய ஆட்டத்தின் ஓசையன்று; மணியடித்தாற்போன்ற ஒரு கணீரொலி. உலோகத்தில் பட்ட பந்து மிகுவேகமாய்ப் பாய்வதைக் கருதி, 2011-இல் மட்டைகளின் வன்மைக்கு வரம்பு கட்டினர்.

கூட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். மிஸிஸிப்பி மாகாணக் கலாசாலையில் இடப்புற வேலிக்கு அப்பால் வண்டிகளை நிறுத்தி, இறைச்சி வாட்டி உண்டுகொண்டே பார்க்கும் வழக்கம் 1960-களிலிருந்து தொடர்கிறது. 2023-இல் அங்கே ஓராட்டத்திற்கு 16,000-க்கு மேற்பட்டோர் வந்தனர். சிறு கலாசாலைகளிலோ ஆடுவோரின் பெற்றோரும், ஓரிரு பேராசிரியரும், அறைத் தோழர் சிலருமே இருப்பர். பெரும் போட்டிகள் நடக்கும் மே இறுதியிலும் ஜூனிலும் தேர்வுகள் முடிந்து விடுதிகள் காலியாகிவிடுகின்றன என்பதுதான் வேடிக்கை. 1950 முதல், தொற்றுநோயால் நடவாத 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் எட்டுக் கட்சிகள் ஓமஹா நகரிற் கூடி இறுதிப் போட்டி ஆடுகின்றன. பிப்ரவரிக் குளிரில் கைதேய்த்துக்கொண்டு பார்த்த மாணவருட் பலர் அதனை ஊரிலிருந்தே கேட்பர்.

இவ்வாறு பார்க்கும் மாணவன் எதைக் காண்கிறான், எது அவன் கண்ணுக்குப் புலனாவதில்லை? 1940-இற் கலிபோர்னியாக் கலாசாலையின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் ஒரு நீக்ரோ மாணவர் பேஸ்பால் ஆடினார். பத்துக்கு ஒருமுறைகூட அவர் நன்கு அடிக்கவில்லை, அவருடைய கணக்கு.097. படியிலமர்ந்திருந்த மாணவர், இவர் ஓட்டப்பந்தயத்தோடும் கால்பந்தோடும் நிற்பதே நலம் என்று சொல்லியிருந்தால் அவரைக் குறைகூற இயலாது. அவரே ஜாக்கி ராபின்சன். 1947-இற் புரூக்ளின் கட்சியிற் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறுப்பு இனத்தார்க்கு அடைத்துக் கிடந்த பெருந்தொழிலாட்டக் கதவைத் திறந்தவர்.

அவரைத் தேர்ந்தெடுத்த பிராஞ்சு ரிக்கி என்பவர், 1903-இல் ஒஹையோ வெஸ்லியன் என்னும் மெதடிஸ்த கலாசாலையின் மாணவராக இருந்தபோதே அதன் பேஸ்பால் ஆசானாகவும் இருந்தார். ஆட்டத்தின்பொருட்டு ஸௌத் பெண்டு நகருக்குச் சென்றபோது, தம் கட்சியைச் சேர்ந்த சார்லஸ் தாமஸ் என்னும் நீக்ரோ மாணவருக்கு மட்டும் அங்குள்ள விடுதியார் அறை தர மறுத்தனர் என்றும், தம் அறையிலேயே ஒரு கட்டிலிட்டு அவரைத் தங்கச் செய்ததாகவும் ரிக்கி பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். அன்றிரவு தாமஸ் தம் கைகளின் தோலை உரித்தெடுப்பார்போலத் தேய்த்துக்கொண்டு அழுதாராம். மறுநாள் அவ்வூர் மைதானத்தின் படிகளில் அமர்ந்திருந்தோர்க்கு வெளியூர்க் கட்சியின் பந்துபிடிப்போன் ஒருவர் தெரிந்தாரேயன்றி அந்தக் கைகள் தெரிந்திரா. தாமஸ் பின்னாளிற் பல்வைத்தியராகி நெடுங்காலம் தொழில் நடத்தினார்.

இதனை யான் எழுதுதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு நம் மைதானத்தில் வெளியூர்க் கலாசாலை ஒன்றுடன் கிரிக்கெட் நிகழ்ந்தது. அவர்களுடைய பந்து வீச்சாளர் நொண்டுவதுபோல ஓடிவந்து எறிந்தார். எல்லைக்கோட்டருகே நின்ற நாங்கள் ஒவ்வோரடிக்கும் தாளம் போட்டு எண்ணினோம். முதலில் தொடங்கியவன் யானே. கூட்டம் சிரித்தது, அவர் எறிந்த பந்துகள் தாறுமாறாயின, நாம் வென்றோம். மாலையில் உணவுச்சாலையில் அவர் எனக்கு எதிரே அமர நேர்ந்தது. தாமும் தமிழ் ஆனர்ஸ் மாணவரே என்றார். தொல்காப்பியச் செய்யுளியலில் எனக்கு விளங்காத ஓரிடத்தைக் கேட்டேன். பருப்புச் சோறு ஆறுமளவும் விளக்கினார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். சிறு வயதில் வந்த காய்ச்சலின் பின் அந்தக் கால் அப்படி என்றார், நான் கேளாமலே. தாளம் போட்டவன் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வரும் ஜனவரியில் அக்கலாசாலையார் மறுபடியும் நம்மிடம் வருகின்றனர். ஓட்டக் கணக்கு எழுதும் வேலையை விளையாட்டுச் செயலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரு கட்சியார் பெயரையும் பிழையின்றி எழுதவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு பெயர் எனக்கு ஏற்கெனவே தெரியும்.