இணைய விளையாட்டுகளும் பாதுகாப்பும்

திருவனந்தபுரத்தின் வலியசாலை, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். பண்டைய காந்தளூர்ச் சாலை இங்கே இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்குக் கல்வியுடன் படைக்கலப் பயிற்சியும் அளிக்கப்பட்டதாகக் கூறுவர். 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பெற்ற இந்நகரில், இன்றைய இளைஞருக்கு வேறொரு காவற்பயிற்சி தேவைப்படுகிறது. பலர் ஒருங்கே ஆடும் இணைய விளையாட்டு மென்பொருளின் குறைகளை அறிந்து, அவற்றைக் களையும் பயிற்சியே அது.

குறை பிறக்கும் இடம்

இத்தகைய விளையாட்டில் ஆடுவோரின் கருவிகள் அனைத்தும் ஒரு மையக் கணினியுடன் இணைந்துள்ளன. ஆடுபவரின் கருவி கூறுவதையெல்லாம் மையக் கணினி சரிபாராமல் ஏற்குமாயின், ஏமாற்று ஆட்டத்திற்கு இடமுண்டாகிறது. இதனால் கெடுவது ஆட்டம் மட்டுமே. இதனினும் கொடியது மற்றொன்று. முன்பின் அறியாத ஒருவர் அனுப்பும் செய்தியை விளையாட்டு நிரல் கட்டளையாகக் கருதி நிறைவேற்றினால், வீட்டுக் கணினியே பிறர் வசமாகிவிடும். அதில் உள்ள வங்கி விவரங்களும் குடும்பப் படங்களும் அவருக்கு எட்டிவிடும்.

அண்மைக்காலச் சான்றுகள்

2021 டிசம்பரில் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இத்தகைய குறை வெளிப்பட்டது. உரையாடல் பகுதியில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரே வரி, லாக்ஃபோர்ஜே என்னும் பதிவேட்டு நிரலின் வழியே கட்டளையாக மாறியது. அந்நிரல் உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்களிலும் பயன்பட்டு வந்தமையால், சிறுவர் ஆட்டத்தில் கண்ட குறை அலுவலகங்களையும் அச்சுறுத்தியது. 2022-இல், கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் ஏமாற்றைத் தடுப்பதற்கென அமைந்த நிரற்பகுதியையே கயவர்கள் கணினிகளின் பாதுகாப்பை முடக்கப் பயன்படுத்தினர். 2024 மார்ச்சில், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் போட்டியின் வட அமெரிக்க இறுதிச் சுற்றில், ஆடிக்கொண்டிருந்த இருவரின் திரைகளில் அவர்கள் விரும்பாமலே ஏமாற்றுக் கருவிகள் தோன்றின. போட்டி ஒத்திவைக்கப்பட்டது.

அறிந்தவர் கடமை

குறையைக் கண்டறியும் மாணவர் முன் இரு வழிகள் உள்ளன. ஏமாற்றுக் கருவியாக்கி விற்றால் உடனடியாகப் பணம் கிடைக்கும். முறைப்படி அறிவித்தால் பல நேரங்களில் நன்றி மட்டுமே கிட்டும். ஆயினும் பிறர் கணினியில் இசைவின்றி நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி தவறாகும். தீய நோக்குடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே சோதனையைச் சொந்தக் கருவியோடு நிறுத்திக்கொண்டு, குறையை மென்பொருள் நிறுவனத்திற்கோ, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் அமைப்பிற்கோ தெரிவிப்பதே முறையாகும். திருத்தம் வெளிவரும் வரை அதைப் பிறரிடம் பரப்பலாகாது.

பெற்றோர் கடமை

விளையாட்டு மென்பொருளை உடனுக்குடன் புதுப்பித்தல் முதற் கடமையாகும். இலவசமாகக் கிடைக்கும் ஏமாற்று நிரல்களை நிறுவாதிருத்தல் வேண்டும். விளையாட்டிற்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் அமைதல் நலம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் அறிவித்தல் வேண்டும்.

ஆட்டத்தில் தேர்ச்சி பெறும் இளைஞர், அதன் காவலிலும் தேர்ச்சி பெறுதல் நாட்டிற்கு நன்மை பயக்கும். பள்ளி, கல்லூரிகளின் கணினிப் பாடங்களில் இதற்குரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.