ஆட்டிசம் உள்ள குழந்தை: வீட்டில் உரையாடலும் பாதுகாப்பும்

ஆதம்பாக்கத்திலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த தாய் ஒருவர், தம் ஆறு வயது மகனைப் பற்றிக் கூறினார்: "கண்ணிமைக்கும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறான். மேல் தாழ்ப்பாள் போட்டோம். நாற்காலியை இழுத்துப் போட்டு அதையும் திறக்கிறான்." எங்கே போகிறான் என்று கேட்டோம். ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அருகில்தான் நின்றிருக்கிறான். அச்சிறுவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. தண்ணீரில் விளையாட வேண்டும் என்று சொல்ல வழியில்லாததால் அவன் ஓடினான்.

ஆகவே, உரையாடலையும் பாதுகாப்பையும் நாங்கள் தனித்தனியே கற்பிப்பதில்லை. பூட்டு ஆபத்தைத் தடுக்கும். சொல்லத் தெரிவது ஆபத்தின் காரணத்தையே குறைக்கும். இரண்டும் தேவை.

சொல்வதற்கு ஒரு வழி

உங்கள் வீட்டுத் தம்ளர், கழிவறை, வாளி, வாசற்கதவு ஆகியவற்றைப் படமெடுத்து அட்டைகளாக்குங்கள். நான்கைந்து போதும். குழந்தை தண்ணீரை நோக்கிக் கை நீட்டும்போது, அந்த அட்டையை எடுத்து உங்களிடம் தருவதற்கு உதவுங்கள். தந்த உடனே "தண்ணீர்" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுங்கள். "இது என்ன?" என்று சோதிக்க வேண்டாம். சுருக்கமாகப் பேசுங்கள்; மறுமொழிக்குப் பத்து விநாடியேனும் காத்திருங்கள்.

"போதும்", "வலிக்கிறது" என்னும் இரு அட்டைகள் கட்டாயம் இருக்கட்டும். "போதும்" என்று குழந்தை காட்டினால், இயன்றவரை அதற்கு மதிப்பளியுங்கள். வழக்கத்துக்கு மாறாகக் குழந்தை திடீரென்று அலறினாலோ தலையை மோதிக்கொண்டாலோ, அதைப் பிடிவாதம் என்று முடிவுசெய்யும் முன் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் உண்டா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

படம் கொடுத்துப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. சில குழந்தைகளிடம் பேச்சு சற்றே கூடியதையும் அவை காட்டுகின்றன. படங்களைத் தொட்டால் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் உருவானதே. கோட்டூர்புரத்தில் உள்ள வித்யா சாகர் நிறுவனத்தின் துணையுடன் வளர்ந்த இச்செயலி தமிழிலும் கிடைக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தனியே வெளியேறி உயிரிழக்கும் நிகழ்வுகளில் நீரில் மூழ்குதலே முதன்மைக் காரணம் என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. ஏரியும், வீட்டுக்கு வீடு சம்ப் தொட்டியும், மழைக்காலத்தில் நிரம்பும் வடிகாலும் உள்ள நம் பகுதியில் இதை மறக்கலாகாது.

• சம்ப் மூடிக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டுப் போடுங்கள். குளியலறை வாளியில் நீர் தேக்கி வைக்காதீர்கள்.
• வாசற்கதவில் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்துங்கள். தீ விபத்து நேர்ந்தால் பெரியவர்கள் உடனே திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.
• சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். மாத்திரைகளையும் பினாயில், ஆசிட் போன்றவற்றையும் பூட்டி வையுங்கள்.
• சட்டையின் உட்புறத்திலோ கைவளையத்திலோ உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.
• அண்டை வீட்டார், காவலாளி, மளிகைக் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தினர் ஆகியோரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

குழந்தையைக் காணவில்லையெனில், முதலில் நீர்நிலைகளிலும் தொட்டிகளிலும் தேடுங்கள். மற்றொருவர் பரங்கிமலை ரயில் பாதைப் பக்கமும் பெருஞ்சாலைப் பக்கமும் செல்லட்டும். அதே நேரத்தில் 112 எண்ணை அழையுங்கள்; குழந்தைகளுக்கான 1098 எண்ணும் உண்டு. சற்று நேரத்தில் வந்துவிடுவான் என்று காத்திருக்க வேண்டாம்.

உதவி பெறுமிடங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன்படி சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்திலும் பயிற்சியும் வழிகாட்டுதலும் கிடைக்கும்.

முன்னே குறிப்பிட்ட சிறுவன் இப்போது வாளியின் படத்தைக் கொண்டுவந்து தாயிடம் நீட்டுகிறான். மாலைதோறும் அவர் அருகில் அமர்ந்திருக்க, அரை மணி நேரம் தண்ணீரில் விளையாடுகிறான். வெளியே ஓடுவது குறைந்திருக்கிறது; முற்றிலும் நிற்கவில்லை. எனவே மேல் தாழ்ப்பாளை எடுக்க வேண்டாம் என்றே அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறோம்.