பெயரா, பொருளா? மதுவின் மூலப்பொருள் வழக்கும் நம் வியாபாரமும்

நம் சங்கப் பத்திரிகையில் மதுவைப் பற்றி ஒரு பாடமா என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கலாம். குடிப்பவனோடு அதை விற்பவனையும் சுமப்பவனையும் சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, அந்தச் சரக்கோடு நமக்கு யாதொரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. எனினும் அச்சரக்கைக் குறித்து ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு, "ஒரு பொருளுக்கு அதன் பெயரைத் தருவது எது?" என்னும் கேள்வியை எழுப்பிற்று. இதே கேள்வியை நம் இமாம்கள் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருக்கின்றனர். நம் மளிகைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் அது நாள்தோறும் எழுகின்றது. ஆகையால் அதனை ஒரு பாடமாகக் கொள்வோம்.

ஐரோப்பாவில் எழுந்த வழக்கு

வோட்கா என்பது போலந்து, ரஷ்யா, பின்லாந்து, சுவீடன் முதலிய குளிர்நாடுகளில் நெடுங்காலமாக வடிக்கப்பட்டு வரும் சாராயம். ஐரோப்பியச் சமூக நாடுகள் 1989-ல் செய்த சட்டம், விளைபொருளிலிருந்து வடித்ததாயின் போதும் என்று விட்டுவிட்டது. எந்த விளைபொருள் என்று வரையறுக்கவில்லை. அச்சட்டம் பிறந்தபோது, வோட்காவைத் தம் மரபாகக் கருதும் நாடுகள் அக்கூட்டில் இல்லை. சுவீடனும் பின்லாந்தும் 1995-ல் சேர்ந்தன. போலந்தும் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா நாடுகளும் 2004-ல் சேர்ந்தன. 2005-ல் புதிய சட்டத்துக்கான முன்வரைவு வெளிவந்ததும் வழக்கு மூண்டது.

வடநாட்டார் கேட்டது இது: தானியத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் சர்க்கரைக்கிழங்குப் பாகிலிருந்தும் வடித்ததற்கே வோட்கா என்னும் பெயர் உரியது. திராட்சையில் வடித்ததற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். விஸ்கி என்றால் தானியம், ரம் என்றால் கரும்பு என்று சட்டம் காவல் செய்யும்போது, எங்கள் பெயருக்கு மட்டும் ஏன் காவல் இல்லை? எங்கள் பாட்டன் பூட்டன் தேடிவைத்த நற்பெயரை அயலான் தன் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்வது முறையா?

பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளின் உற்பத்தியாளர் இதனை மறுத்தனர். இந்தச் சாராயம் மிக உயர்ந்த வீரியத்துக்கு வடிக்கப்படுவது. அவ்வாறு வடிக்கையில் மூலப்பொருளின் மணமும் சுவையும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. குடிப்பவனால் எளிதில் கண்டறிய முடியாத ஒன்றை வைத்து எங்களை விலக்குவது, மரபின் பெயரால் சந்தையைப் பூட்டும் தந்திரமே என்றனர்.

மரபு என்னும் வாதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உருளைக்கிழங்கு ஐரோப்பாவின் பயிரன்று. அது 16-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சாராயம் வடிக்க அது பெருமளவில் பயன்பட்டதெல்லாம் 19-ம் நூற்றாண்டிலேதான். ஒரு காலத்தில் புதிதாய் நுழைந்ததுவே பிற்காலத்தில் "மரபு" ஆகி, அடுத்து வருபவனை வாசலில் தடுக்கின்றது!

முடிவில் ஜெர்மானிய உறுப்பினர் ஹோர்ஸ்ட் ஷ்னெல்ஹார்ட் முன்வைத்த சமரசத்தை 2007 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் ஏற்றது. 2008 ஜனவரியில் அது சட்டமாயிற்று. எந்த விளைபொருளில் வடித்தாலும் வோட்கா என்று விற்கலாம். ஆனால் தானியமும் உருளைக்கிழங்கும் அல்லாத வேறொன்றில் வடித்திருந்தால், அது இன்ன பொருளிலிருந்து செய்யப்பட்டது என்பதைச் சீட்டில் எழுதியே தீரவேண்டும் என்பது தீர்ப்பு. 2019-ல் வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் காத்தது.

இதே வகை வழக்கு இந்தியாவோடும் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி தானியத்தில் வடித்து, மூன்றாண்டுகளேனும் மரப்பீப்பாயில் வைத்திருந்ததாக இருக்கவேண்டும். இந்தியாவிலோ கரும்புச் சர்க்கரைப் பாகில் வடித்த சாராயம் கலந்த சரக்கும் விஸ்கி என்ற பெயரில் விற்பனையாகின்றது. அங்கே பெயர் பெற்றது இங்கே பெயர் இழக்கின்றது.

நம் இமாம்கள் ஆய்ந்த வழக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருக்குர்ஆன் "கம்ரு" என்பதை விலக்கிற்று. கம்ரு என்பது எது? திராட்சை மது மட்டுமா, மயக்கந் தரும் யாவுமா? ஐரோப்பியர் பெயருக்கு உரிமை கொண்டாட வழக்காடினர்; நம் முன்னோர் விலக்கின் எல்லையை அறிய வழக்காடினர். கேள்வி ஒன்றே, நோக்கம் வேறு.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-ல் மறைந்தார்கள். அவர்களின் கருத்துப்படி, திராட்சையின் பச்சைச் சாறு பொங்கி, கடுமை ஏறி, நுரை தள்ளினால் அதுவே கம்ரு. அதில் ஒரு துளியும் ஹராம். ஒரு துளிக்கும் தண்டனை உண்டு. தேன், தானியம் முதலியவற்றின் பானங்கள் அப்பெயருக்குள் அடங்கா. அவற்றில் போதை ஏறுவதே குற்றம். இதனைக் குடிக்குக் கொடுத்த சலுகை என்று எண்ணுவது பிழை. கடுந்தண்டனைக்குரிய ஒரு சொல்லை ஒப்புநோக்கினால் மட்டும் விரித்து, அடுத்தவன் முதுகில் கசையடி விழச் செய்யக் கூடாது என்ற பேணுதலும் அதில் அடங்கியிருந்தது.

இமாம்கள் மாலிக், ஷாபிஈ, அஹ்மது (ரஹ்) ஆகியோர் மயக்கந் தரும் பானம் யாவும் கம்ரே என்றனர். அவர்களின் ஆதாரங்கள் வலுவானவை. விலக்கு இறங்கிய நாளில் மதீனாவில் பெரிதும் புழங்கியது பேரீச்சை மது. திராட்சை மது அரிது. தெருவில் அறிவிப்புக் கேட்டதும் ஸஹாபாக்கள் கொட்டிக் கவிழ்த்தது அந்தப் பேரீச்சை மதுவையே. எமன் நாட்டில் தேனிலும் வாற்கோதுமையிலும் செய்யப்படும் பானங்களைக் குறித்து வினவப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மூலப்பொருளைப் பற்றிப் பேசவில்லை. மயக்கந் தருவன எல்லாம் ஹராம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். ஹஜரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என ஐந்தை எண்ணி, பிறகு அந்தப் பட்டியலைக் கடந்து, அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ரு என்று விளக்கம் தந்தார்கள்.

இமாம் அபூஹனீபா அவர்களின் மாணாக்கரான இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், மிகுதியாய்க் குடித்தால் மயக்குவது சிறிதாயினும் ஹராம் என்று கூறினார்கள். பிற்கால ஹனபி உலமாக்கள் பத்வா அளித்ததும் அதன்படியே. ஆகவே நம்மில் ஹனபிகளாயினும் ஷாபிஈகளாயினும் இன்று நடைமுறையில் ஒரே முடிவில்தான் நிற்கின்றோம். "என் மத்ஹபில் இடமுண்டு" என்று எவரும் தப்பிக்க வழியில்லை.

பனைமரம் சொல்லும் பாடம்

இந்த முடிவின் நியாயத்தை அறியக் கிதாபுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் பனங்காடே போதும். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பில்லாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகின்றது. பிள்ளைகளுக்குக் கொடுத்த பானத்துக்கும், மலாயாத் தோட்டங்களில் கூலியைக் கரைத்துக் குடும்பங்களைக் குலைத்த பானத்துக்கும் மூலப்பொருளில் வேறுபாடு இல்லை. பதநீரையும் நேரங்கடந்து வைத்தால் அது மாறிவிடும்.

காடியைப் பாருங்கள். மது தானாகவே திரிந்து காடியானால் அது ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. மதுவில் வேறொரு பொருளைப் போட்டுக் காடியாக்கினால் ஹனபிகள் கூடும் என்பர். ஷாபிஈகள் கூடாது என்பர். மூலப்பொருள் மதுவாகவே இருந்தும், மயக்கும் தன்மை நீங்கிப் பொருள் மாறியதும் சட்டமும் மாறுகின்றது. காடியை நல்ல வியஞ்சனம் என நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதும் யாவரும் அறிந்ததே.

ஆக, ஷரீஅத் கேட்பது "இது எதிலிருந்து வந்தது?" என்பதோடு நின்றுவிடவில்லை, "இப்பொழுது இது என்ன செய்கின்றது?" என்றும் கேட்கின்றது. மதுவுக்கு வேறு பெயரிட்டுக் குடிப்பவர்கள் தோன்றுவார்கள் என்ற முன்னெச்சரிக்கையும் ஹதீஸில் வந்திருக்கின்றது.

கடையில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது: பெயரைக் கண்டு ஏமாறலாகாது. ஜப்பானியச் சமையலில் சேர்க்கும் மிரின் என்பது கேட்பதற்கு ஒரு மசாலைச் சாறு போலத் தோன்றும். அசல் மிரினில் நூற்றுக்கு 14 அளவில் சாராயம் உண்டு. மிரின் சுவையூட்டி என்று விற்கப்படும் மற்றொரு வகையில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். அமெரிக்க விதிப்படி செய்த வெனிலாச் சாற்றில் நூற்றுக்கு 35-க்குக் குறையாமல் சாராயம் இருக்கவேண்டும். கொள்முதல் செய்யுமுன் சீட்டை வாசிப்பதும், வினியோகஸ்தரிடம் உள்ளடக்கத்தை எழுதி வாங்குவதும் நம் கடமை.

இரண்டாவது: பெயரைக் கண்டு அஞ்சவும் வேண்டா. "ஆல்கஹால்" என்ற சொல் சீட்டில் இருப்பதாலேயே ஒரு சரக்கைத் தூக்கி எறிந்து நட்டப்படுவதும் அறியாமையே. மலேசியத் தேசிய பத்வாக் குழு 2011 ஜூலையில் இதனைத் தெளிவாக வகுத்தது. மது செய்யும் முறையில் செய்தது சிறிதாயினும் ஹராம். மதுவாகச் செய்யப்படாத மென்பானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் கூடும். மணத்துக்கும் நிறத்துக்கும் சேர்க்கும் சரக்கில் நிலைப்படுத்தக் கலந்த ஆல்கஹால், மதுத் தொழிலிலிருந்து வராததாகவும், முடிவுப் பொருளில் நூற்றுக்கு 0.5-க்கு மேற்படாததாகவும் இருந்தால் கூடும். சிங்கப்பூர் அன்பர்கள் முயிஸ் மன்றத்தாரின் விதிகளைக் கேட்டறிந்து நடக்கவேண்டும். ஐயம் எழுந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரரின் யூகம் பத்வா ஆகாது.

மூன்றாவது: ஹலாலான சரக்குக்கும் ஏற்ற பெயர் வேண்டும். 2016 அக்டோபரில் மலேசியாவில் "ஹாட் டாக்" என்ற பெயரோடு ஹலால் சான்று கேட்டவர்களிடம் பெயரை மாற்றும்படி ஜாக்கிம் அதிகாரிகள் கூறினர். அதைச் சிலர் நகைத்தனர். உணவில் நாயிறைச்சி இல்லை என்பது எல்லாரும் அறிந்ததே. பெயர் ஒரு பொருளை ஹராமாக்கிவிடாது என்பதும் உண்மை. ஆயினும் வாங்குபவர் பெயரை நம்பியே காசைக் கொடுக்கின்றார். அந்த நம்பிக்கையில் குழப்பம் நுழையாமல் காப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதி.

நான்காவதே இப்பாடத்தின் சாரம். மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மவரல்லர் என்று கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாதென்று அவர்கள் கூறவில்லை. மறைத்து விற்பதையே தடுத்தார்கள். பல நாட்டார் கூடி ஆண்டுக்கணக்கில் வாதாடி எட்டிய சீட்டு விதிக்கும், அந்தக் கடைவீதியில் ஒரு நொடியில் கிடைத்த விதிக்கும் கருத்து ஒன்றே. வேறு பொருளைச் சேர்த்தாயா? அதை மேலே வை. வாங்குபவன் கண்ணில் படட்டும்.

விலக்கப்பட்ட மதுவை விற்பவரே தம் சீட்டில் மூலப்பொருளை எழுதக் கடமைப்பட்டிருக்கையில், ஹலாலான சரக்கை விற்கும் நாம் அதற்குக் குறைந்து நிற்கலாமா? நெய்யில் வனஸ்பதி சேர்ந்திருந்தால் சொல்வோம். தேனில் பாகு கலந்திருந்தால் "தேன்" என்று மட்டும் எழுதோம். பழைய அரிசியோடு புதிய அரிசி கலந்திருந்தால் விலையிலும் சொல்லிலும் அதைக் காட்டுவோம். ஆட்டிறைச்சி என்று சொல்லி வேறிறைச்சியைப் பரிமாறோம். இவற்றால் அன்றைய லாபம் சற்றுக் குறையலாம். ஆனால் நம் முன்னோர் கப்பலேறி வந்து இந்தக் கரைகளில் கடை விரித்தபோது முதலாய்க் கொண்டுவந்தது சொல் சுத்தம். அம்முதல் கரைந்தால் மற்ற முதல் நிலைக்காது.

நம் சொல்லையும் சரக்கையும் ஒன்றாக வைத்து, ஹலாலான வருவாயில் பரக்கத்தை வல்ல அல்லாஹ் நல்குவானாக. ஆமீன்.