யானுஷாவ் பண்ணையார்: ஹிட்லர் பாடத்துக்கு ஒரு துணைப்பாடம்

ஹிட்லரின் எழுச்சியை நடத்தும்போது வெர்சாய் உடன்படிக்கை, பணவீக்கம், வேலையின்மை ஆகியவற்றை விரிவாகச் சொல்கிறோம். பெருநிலக்கிழார்களின் பங்கு ஒரே வரியில் போய்விடுகிறது. அதை விளக்க, எலார்ட் ஃபான் ஓல்டன்பர்க்-யானுஷாவ் என்பவரின் வாழ்க்கையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1855இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த இவர், குதிரைப்படை அதிகாரியாக இருந்துவிட்டு யானுஷாவ் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. வரைபடத்தில் காட்டினால், "ஜெர்மனி அங்கே வரைக்குமா இருந்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அமெரிக்க, ரஷ்யத் தானியம் மலிவாக வந்து குவிந்த காலம் அது. 1887இல் டன்னுக்கு 50 மார்க்காக இருந்த சுங்கவரியை, அடுத்த சில ஆண்டுகளில் பிரதமர் கப்ரிவி வணிக ஒப்பந்தங்கள் வழியாக 35 ஆகக் குறைத்தார். கொதித்தெழுந்த பண்ணையார்கள் 1893இல் விவசாயிகள் சங்கம் அமைத்தனர். மேற்குப் பிரஷ்யாவில் அதன் தலைவர்களுள் ஒருவர் ஓல்டன்பர்க். 1902இல் புதிய சட்டம் கோதுமை வரியை 55 மார்க்காக உயர்த்தியது. அதே ஆண்டு அவர் நாடாளுமன்றம் சென்றார்.

இங்கேதான் நான் வகுப்பை நிறுத்துகிறேன். பண்ணையார், சிறு விவசாயி, ஆலைத் தொழிலாளி என்று மூன்று குழு பிரித்து, "இந்த வரியால் உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறேன். தொழிலாளிக்கு ரொட்டி விலை ஏறும் என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். சிறு விவசாயியிடம்தான் சிக்கல். சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவர்களே, ஆனால் தலைமை பண்ணையார்களிடம். விற்க நிறையத் தானியம் உள்ளவருக்கே வரியால் பெரும் லாபம். பிறகு ஏன் சேர்ந்தார்கள்? வெளிநாட்டுக் கால்நடை, இறைச்சி மீதான தடைகள் அவர்களுக்கும் உதவின என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏமாந்த கூட்டம் என்று பிள்ளைகள் எளிதாக முடித்துவிடுவார்கள்.

1910இல் நாடாளுமன்றத்திலேயே அவர் பேசியது பரபரப்பானது. பேரரசர் எந்த நேரமும் ஒரு லெப்டினன்டை அழைத்து, பத்து வீரர்களுடன் போய் இந்த மன்றத்தை மூடு என்று ஆணையிடக்கூடியவராக இருக்க வேண்டும் என்றார். மன்றத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

1927இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் 80ஆம் பிறந்தநாளுக்கு, அவர் குடும்பத்தின் பழைய நோய்டெக் பண்ணையை நன்கொடை திரட்டி வாங்கிக் கொடுக்க முன்நின்றவர் இவரே. வாரிசு வரியைத் தவிர்க்க, பத்திரம் மகன் பெயரில் பதிவானது. தலைவரும் பண்ணையார்களும் இதனால் அண்டை வீட்டாராயினர். கடனில் மூழ்கிய கிழக்குப் பண்ணைகளுக்கான அரசு உதவியில் முறைகேடு என்ற புகார் 1933 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவில் வெடித்தது. அதே மாதம் நிலக்கிழார் அமைப்பு ஷ்லைகர் அரசைத் தாக்கியது. 30ஆம் தேதி ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக்கினார்.

பண்ணையார்கள் மட்டுமே காரணம் என்று முடித்துவிடக் கூடாது; நாஜிகளுக்கு விழுந்த கோடிக்கணக்கான வாக்குகளையும் சேர்த்தே பேச வேண்டும். ஒரு பாடவேளை இதற்குப் போதாது. சுங்கவரிக்கு ஒன்று, 1933க்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்.